ஓடைக் கீரையைப் பச்சையாகத் தின்னலாமா?

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

இங்கிலாந்தின் காட்டுக் கீரைகளைப் பற்றித் தங்கள் ஞாயிறு இணைப்பில் வெளியான கட்டுரை, ஓடையில் வளரும் வாட்டர்கிரெஸைப் பறித்த கையோடு சாலட்டில் சேர்க்கலாம் என்று கூறுவது ஆபத்தானது. முட்டைக்கோஸ் குடும்பத்தைச் சேர்ந்த இக்கீரை கடுகைப் போலவே மூக்கில் ஏறும் காரம் கொண்டது. சுவையில் குறையொன்றும் இல்லை. ஆனால் ஆடுமாடுகள் மேயும் வெளிகளில் அவற்றின் சாணத்தோடு வெளியேறும் கல்லீரல் தட்டைப்புழுவின் முட்டைகள் நீரில் பொரித்து, சிறு நத்தைகளின் உடலில் வளர்ந்து, பின் இக்கீரையின் தண்டிலும் இலையிலும் கூடுகட்டி ஒட்டிக்கொள்கின்றன. வெறுமனே அலசினால் அவை முற்றிலும் போய்விடும் என்று நம்ப முடியாது. நன்கு வேகவைத்தால்தான் சாகும். 1808-இல் கென்ட் மாவட்டத்தில் வில்லியம் பிராட்பரி தொடங்கிய பாத்திச் சாகுபடி பின்னர் ஹாம்ப்ஷயர் வரை பரவியது. கால்நடை அண்டாத ஊற்றுநீரில் இவ்வாறு வளர்த்து விற்கப்படும் கீரையைப் பச்சையாக உண்ணலாம்.

இதே ஓடைகளில் கேரட் குடும்பத்தைச் சேர்ந்த, இதைப் போலவே தோன்றும் செடிகளும், கொடிய நஞ்சுடையவை உட்பட, வளர்கின்றன. வாட்டர்கிரெஸின் வெண்பூவுக்கு நான்கே இதழ்கள். மற்றவை குடைபோல் விரிந்து பூப்பவை. பூக்காத பருவத்தில் பழகிய கண்ணும் ஏமாறக்கூடும். கட்டுரைக்குரிய திருத்தத்தை அடுத்த இணைப்பிலேயே வெளியிடுமாறு வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
தங்கள் வாசகர், சவுத்தாம்ப்டன்