கயலுக்கு, அம்மா எழுதுவது

அன்புள்ள கயல்,

நொச்சி இலை வீக்கத்தைக் குறைக்குமா என்று பார்க்க, அதை உன் ஆய்வுக்கு எடுத்திருக்கிறாய் என்று அப்பா சொன்னதும் ரொம்பச் சந்தோஷப்பட்டேன். இத்தனை வருஷம் மருந்தியல் ஆய்வகத்தில் நின்றவளுக்குச் சொல்ல நிறைய இருக்கிறது. போனில் பாதி விட்டுப்போகும்.

இலையைக் கடையில் வாங்காதே. கருநொச்சி என்று கேட்டால் பெரும்பாலும் ஆடாதோடைக் குடும்பத்துச் செடியைக் கொடுப்பார்கள். நம் நொச்சி வேறு குடும்பம். செடியை நீயே பார்த்துப் பறித்து, நிழலில் உலர்த்து.

சாக்ஸ்லெட்டில், அதாவது கரைப்பானைத் திரும்பத் திரும்ப இலைமேல் ஓடவிட்டுச் சத்தை இறக்கும் கண்ணாடிக் கருவியில், எத்தனால் சாறு எடுக்கத்தான் சொல்வார்கள். சரி, எடு. ஆனால் ஊரில் நொச்சியைத் தண்ணீரில் கொதிக்கவைத்துக் குளிக்கிறார்கள், ஆவி பிடிக்கிறார்கள், வதக்கி ஒத்தடம் கொடுக்கிறார்கள். நீர்ச்சாறு ஒன்றையும் சேர்த்துச் சோதித்துப் பார். எத்தனால் சாறு வீக்கத்தைக் குறைத்து, நீர்ச்சாறு குறைக்காமல் போனால், அதையும் அப்படியே எழுது. ஊருக்குத் தெரியவேண்டிய சேதி அது.

முட்டை வெள்ளைக்கருவைச் சூடாக்கி, அதன் புரதம் கெட்டுக் கலங்குவதைச் சாறு எவ்வளவு தடுக்கிறது என்று அளக்கும் சோதனை சுலபமானது, மலிவானது. அதை மட்டும் வைத்து 'வீக்கம் குறைக்கும்' என்று எழுதிவிடாதே. இலைச்சாறு பச்சையாக இருக்கும், அந்த நிறமே கருவியின் அளவைக் கெடுக்கும். சாறு மட்டும் உள்ள குழாய் ஒன்றைத் தனியாக வைத்து, அதன் அளவைக் கழித்துவிடு.

அடுத்தது எலிச் சோதனை. வீக்கம் வரவைக்க எலிப் பாதத்தில் காராஜீனன் என்ற கடற்பாசிப் பொருளை ஊசியால் போடுவது 1962 முதல் நடக்கிற முறை. ஒரு சதவீதக் கரைசலில் 0.1 மில்லி. முதல் ஒரு மணி நேரத்து வீக்கத்துக்கு உடம்பே சுரக்கும் ஹிஸ்டமினும் செரட்டோனினும் காரணம். மூன்றாம் மணியை ஒட்டி, வீக்கத்தைத் தூண்டும் இன்னொரு பொருளான புரோஸ்டாகிளாண்டின் மேலோங்கும். ஆஸ்பிரின் அதன் உற்பத்தியைத்தான் தடுக்கிறது என்று மருந்தியலாளர் ஜான் வேன் 1971இல் காட்டினார். அதனால் கடைசி அளவை மட்டும் எடுத்தால் போதாது. ஒவ்வொரு மணிக்கும் எடுத்தால்தான் உன் இலை எந்தக் கட்டத்தில் வேலை செய்கிறது என்று பிடிபடும்.

பாதத்தைத் திரவத்தில் முக்கி, அது எவ்வளவு உயர்கிறது என்று பார்த்துத்தான் வீக்கத்தை அளப்பார்கள். எலியின் கணுக்காலில் மையால் கோடு போட்டு, ஒவ்வொரு முறையும் அந்தக் கோடு வரைதான் பாதத்தை முக்க வேண்டும். முக்குகிற கை கடைசிவரை ஒரே ஆளுடையதாக இருக்கட்டும். எந்த எலிக்கு மருந்து, எதற்கு வெறும் கரைசல் என்று அந்த ஆளுக்குத் தெரியவே கூடாது. நல்ல முடிவு வேண்டும் என்று மனசு ஆசைப்பட்டால் கண்ணும் அப்படியே பார்க்கும்.

அப்புறம், எலிக்கு வலிக்கிறது கயல். நெறிமுறைக் குழு ஒப்புதல் கொடுத்துவிட்டாலும் வலி வலிதான். எண்ணிக்கையை முன்பே சரியாகக் கணக்குப் போடு. கவனக்குறைவால் ஓர் அளவுகூட வீணாகக் கூடாது.

எந்தச் செடி என்பதற்குச் சான்றாக, உலர்ந்த செடிகளைச் சேர்த்துவைக்கும் ஹெர்பேரியத்துக்குப் பூவோடு கிளை கேட்பார்கள். நம் வேலி நொச்சி இப்போது நீலமாகப் பூத்திருக்கிறது. அதிலிருந்தே இலை பறிப்பதாக இருந்தால் சொல், கிளையைச் செய்தித்தாளில் அழுத்தி வைக்கிறேன். இலை பறிக்க நீயே வந்துவிடு.

அன்புடன்,
அம்மா