மாரிகுப்பம் போய்வந்து எழுதும் கடிதம்

குடியாத்தம்

அன்புள்ள சண்முகம்,

உன் கடிதம் கிடைத்தது. கோலார் தங்கவயலைச் சுற்றுலாத் தலமாக்கினால் நம் சனங்களுக்குப் பிழைப்புத் திரும்புமா, ராபர்ட்சன்பேட்டையில் பூட்டிக்கிடக்கும் உன் மாமனார் வீட்டைக் கடன் வாங்கியாவது தங்கும் விடுதியாக்கலாமா என்று கேட்டிருந்தாய். நேரில் பார்த்துவிட்டே பதில் எழுத வேண்டுமென்று பங்காருபேட்டையில் வண்டி மாறி, தங்கவயலின் மாரிகுப்பம் வரை சென்றுவந்தேன்.

தங்கம் பிரித்தெடுத்த பின் கொட்டிய கழிவு மண் குவிந்த சயனைடு மேட்டுக்கு அருகே நெடுநேரம் நின்றிருந்தேன். காற்றடிக்கும்போதெல்லாம் சாம்பல் நிறப் பொடி கிளம்பி, கொடியில் காயும் துணிகளில் படிகிறது. ஓர் அம்மா ஒவ்வொரு வேட்டியாக இரண்டு முறை உதறி மடித்துக்கொண்டிருந்தார். வருகிறவர்கள் அந்த மேட்டைப் படம்பிடித்துக்கொண்டு போய்விடுவார்கள், தொழிலாளர்களுக்காக வரிசையாகக் கட்டிய லைன் வீடுகளில் இருப்பவர்கள்தான் அந்தக் காற்றையே மூச்சு வாங்குகிறார்கள். ஆகவே சுற்றுலாவுக்கென்று பணம் வருமானால் முதல் செலவு அந்த மேட்டில் புல்லும் மரமும் பிடிக்கச் செய்வதாகவே இருக்க வேண்டும்.

சுரங்கத்துக்குள் ஆட்களை இறக்கலாம் என்று நீ நினைப்பது நடவாத காரியம். 2001 பிப்ரவரி 28இல் வேலை நின்றது. அதன் பின்னர் பம்புகளும் நின்று, மூன்று கிலோமீட்டருக்கும் மேல் இறங்கும் சாம்பியன் ரீஃப் சுரங்கத்தில் தண்ணீர் ஏறிவிட்டது. வேல்ஸ் நாட்டின் பிக் பிட் நிலக்கரிச் சுரங்கம் 1980இல் மூடப்பட்டு 1983இல் பார்வையாளருக்குத் திறக்கப்பட்டது. அங்கே கூண்டு இறங்குவது சுமார் 90 மீட்டர்தான். அதற்கே காற்றோட்டம், கம்பிவடச் சோதனை, தண்ணீர் இறைப்பு என்று ஆள் வந்தாலும் வராவிட்டாலும் செலவு நிற்பதில்லை. 2001இல் நுழைவுக் கட்டணத்தையே எடுத்துவிட்டார்கள். பெரும்பகுதியை அரசு சுமக்கிறது. போலந்தின் வியலிச்கா உப்புச் சுரங்கத்துக்கு ஆண்டுக்குப் பத்து லட்சத்துக்கும் மேற்பட்டோர் சீட்டு வாங்கிப் போகிறார்கள் என்றால், பக்கத்திலேயே கிராகோவ் நகரம் இருப்பதும் ஒரு காரணம். அங்கே வந்து தங்கியிருப்பவர்கள் சுரங்கத்துக்கும் வந்துபோகிறார்கள்.

தங்குவது என்றதும் நம் வேலூரை எண்ணிப்பார். கோட்டையைப் பார்க்க வருகிறவர் அகழியைச் சுற்றிவிட்டு ஒரு இளநீரோடு கிளம்பிவிடுகிறார். சி.எம்.சி. மருத்துவமனைக்கு வருகிறவரோ வாரக்கணக்கில் அறை எடுக்கிறார். அதனால்தான் அந்தத் தெருக்களில் லாட்ஜும் மெஸ்ஸும் வரிசையாக நிற்கின்றன. தங்கவயலுக்குப் பெங்களூரு நூறு கிலோமீட்டர்தான் என்பதால், காலையில் காரில் வருகிறவர் இரவு உணவுக்கு வீடு திரும்பிவிடுவார்.

அதனால் கூரையை மட்டும் பழுதுபார்த்து வை, கடன் வேண்டாம். மேற்பரப்பில் செய்யக்கூடியது ஏராளம். 1902இல் சிவசமுத்திரத்திலிருந்து மின்சாரம் வந்த கதை, 1965இல் சுரங்கத்தின் ஆழத்தில், வளிமண்டலத்தில் உருவாகும் நியூட்ரினோ என்னும் நுண்துகளைக் கண்டறிந்த கதை, வட ஆற்காட்டிலிருந்து போனவர்கள் ராக் பர்ஸ்ட் என்னும் பாறைவெடிப்பில் மாண்ட கதை எல்லாவற்றையும் சொல்ல, கீழே இறங்கி வேலைசெய்த பெரியவர்கள் இன்னும் இருக்கிறார்கள். பிக் பிட்டில் அழைத்துப்போகிறவர்கள் பழைய தொழிலாளர்களே. அதுபோல இவர்களுக்கும் மாதச் சம்பளம் தர வேண்டுமென்று முதலில் கேட்போம். வயது போய்க்கொண்டிருக்கிறது என்பதுதான் என் கவலை.

சித்திரையில் வா, சேர்ந்தே போவோம். மாமனாரின் சுரங்க வேலைப் பித்தளை டோக்கன் வீட்டில் இருந்தால் எடுத்துவா.

என்றும் உன்,
முருகேசன்