குருத்தைத் தொடாத கத்தி

அன்புள்ள நண்பருக்கு,

வணக்கம். மூட்டுவலி தணிந்து காலை நடையை மறுபடி தொடங்கிவிட்டீர்கள் என்று அறிந்து மகிழ்ந்தேன். தொல்குடிகளின் மரபு இனி விழா மேடையிலும் அருங்காட்சியகத்திலும்தான் மிஞ்சும் என்று எழுதியிருந்தீர்கள். நியூசிலாந்தில் மகள் வீட்டில் இரண்டு மாதம் தங்கி வந்த எனக்கு அதை ஒப்புக்கொள்ள மனம் வரவில்லை.

அங்கே, அந்நாட்டுத் தொல்குடியான மாவோரி இனத்து மூதாட்டி ஒருவரிடம் கூடை முடையக் கற்றுக்கொள்ளப் போனோம். அவர் முதலில் கற்றுத்தந்தது முடைவதை அல்ல, இலை அறுப்பதை. ஹராகெகே என்னும் அந்த நார்ச்செடியின் நடுக்குருத்து குழந்தையாம். அதை இருபுறமும் அணைத்து நிற்பவை தாயும் தந்தையும். அவற்றின்மேல் கத்தி படக்கூடாது; வெளிப்புறத்து முதிர்ந்த இலைகளை மட்டும், அதுவும் மழையிலோ இரவிலோ அல்லாமல், வெட்டுவாயில் நீர் தங்காதபடி சாய்த்து அறுக்க வேண்டும். அவசரத்தில் நான் தாயிலையைப் பற்றிவிட்டேன். அவர் ஒன்றும் சொல்லாமல் என் கையை எடுத்து வெளியிலையின்மேல் வைத்தார்.

நிலத்துக்கும் நஞ்சுக்கொடிக்கும் மாவோரி மொழியில் ‘ஃபெனுவா’ என்ற ஒரே சொல்தான். பிள்ளை பிறந்ததும் நஞ்சுக்கொடியைத் தம் மண்ணில் புதைக்கும் வழக்கம் இன்றும் இருக்கிறது. வாங்கனுயி ஆற்றங்கரை மக்கள் 1870களிலிருந்து தங்கள் ஆற்றுக்காக முறையிட்டு, 2017இல் அதைச் சட்டத்தின் முன் ஓர் ஆளாகவே ஏற்கச் செய்தார்கள். ஆற்றின் சார்பில் பேச இருவர், ஒருவரை அம்மக்களும் மற்றவரை அரசும் அமர்த்துகிறார்கள். ‘நானே ஆறு, ஆறே நான்’ என்று தலைமுறைகளாகச் சொல்லி வந்தவர்களுக்கு அதில் புதுமை ஒன்றும் இருந்திருக்காது. நம்மைப் போன்றவர்கள்தாம் வியந்தோம்.

உங்கள் அச்சத்திலும் நியாயம் உண்டு. பள்ளியில் தாய்மொழி பேசியதற்காகப் பிள்ளைகள் அடிவாங்கிய காலம் அங்கே இருந்தது. மொழி தங்களோடு போய்விடும் என்று கலங்கிய பெரியவர்கள் 1982இல் ‘கோஹாங்கா ரேயோ’ என்னும் மழலையர் பள்ளிகளைத் தொடங்கி, பேரக்குழந்தைகளிடம் மாவோரியிலேயே பேசினார்கள். மேடையை நம்பி அவர்கள் உட்கார்ந்துவிடவில்லை என்பதைத்தான் உங்களுக்குச் சொல்ல நினைத்தேன்.

முதன்முதலில் முடைந்ததை முடைந்தவரே வைத்துக்கொள்ளாமல் பிறருக்குக் கொடுத்துவிடுவது அவர்கள் வழக்கம். ஒரு பக்கம் கோணிப்போன என் கூடை தனி அஞ்சலில் வருகிறது. மூக்குக்கண்ணாடி வைக்கவாவது உதவும்.

அன்புடன்,
உங்கள் பழைய நண்பன்