ஒரு தூக்குவாளி பிடியரிசி

அன்பானவர்கள் எல்லாருக்கும் ஸ்தோத்திரம்.

2023 டிசம்பர் 17, 18இல் எங்கள் தூத்துக்குடி மாவட்டத்தில் வந்த வெள்ளம் பற்றி நான் எதுவும் எழுதப் போவதில்லை. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் கொட்டியது ஊருக்கெல்லாம் தெரியும், ஏரல் பக்கம் இருப்பவர்களுக்கு அதற்கு மேலும் தெரியும். வீட்டில் இன்னும் சேற்று வாடை போகவில்லை. ஆனால் நாங்கள் நாலு பேரும் உயிரோடு இருக்கிறோம்.

படகு கொண்டுவந்த கடற்கரை அண்ணன்மார், மாடியில் இடம் தந்த எதிர்வீட்டார், பள்ளிவாசலில் இருந்து இரண்டு நாளும் சாப்பாடு அனுப்பியவர்கள், பெயர்கூடச் சொல்லாமல் பாயும் போர்வையும் இறக்கிவிட்டுப் போன வேன்காரர், சேறு அள்ளிய வாலிபர் சங்கப் பிள்ளைகள், எங்கள் சபைப் போதகர் ஐயாவின் மனைவி ஐயரம்மா, எல்லாருக்கும் நன்றி. ஸ்ரீவைகுண்டத்தில் நின்றுபோன செந்தூர் எக்ஸ்பிரஸ் பயணிகளுக்குப் புதுக்குடி மக்கள் தங்கள் வீட்டு அரிசியைப் போட்டுச் சமைத்தார்களே, அவர்களுக்கும் சேர்த்தே சொல்கிறேன்.

ஆனால் இதை எழுத உட்கார்ந்தது வேறொருவருக்காக. பெயரைப் போடக்கூடாது என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டார், அதனால் ஆச்சி என்றே எழுதுகிறேன். தனியாக இருக்கிறவர். அவர் வீட்டிலும் இடுப்பளவு தண்ணீர். 20ஆம் தேதி காலையில் ஒரு எவர்சில்வர் தூக்குவாளியைத் தலையில் வைத்துக்கொண்டு அந்தச் சகதியில் நடந்து வந்தார். பரணில் இருந்ததால் நனையாமல் தப்பிய பிடியரிசி. உலை வைக்கும்போது ஆண்டவருக்கென்று ஒரு பிடி எடுத்து வைப்பார்களே, அதுதான். ஆச்சி ஒவ்வொரு பண்டிகை ஆராதனைக்கும் அதை மொத்தமாக ஆலயத்தில் கொண்டுபோய் வைப்பார்.

"ஆச்சி, இது காணிக்கை அரிசியாச்சே" என்றேன்.

"ஐயாட்ட கேட்டுட்டேன். ஆண்டவருக்குன்னு எடுத்து வச்சதுல்லா, உன் பிள்ளைங்க சாப்பிட்டா அவரு வேண்டாம்னு சொல்லவா போறாரு?"

பதில் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

வாளிக்குள் ரேஷன் புழுங்கல் ஒரு அடுக்கு, கொஞ்சம் கடைப் பொன்னி, நடுவில் எங்கோ விசேஷ வீட்டில் கொடுத்த பச்சரிசி, அப்புறம் மறுபடியும் ரேஷன். எந்த நாளில் எந்த அரிசி பொங்கினாரோ அதில் ஒரு பிடி. சோறு ஒரே பதமாக வேகவில்லை. என் சின்னவன் மூன்று முறை கேட்டு வாங்கிச் சாப்பிட்டான்.

மிச்சத்தைக் கடையில் நிறுத்து, ஆக்கியதையும் சேர்த்துக் கணக்குப் பார்த்தேன், நாலு கிலோ சொச்சம் வந்தது. ஆச்சியின் கை சின்னது, ஒரு பிடிக்கு ஐம்பது கிராம் வரும். ஒரு நாளைக்கு ஒரு நேரம்தான் உலை வைப்பார். அப்படியென்றால் ஏறக்குறைய எண்பது நாள். செப்டம்பர் கடைசியிலோ அக்டோபர் தொடக்கத்திலோ முதல் பிடி விழுந்திருக்க வேண்டும். அப்போது எங்கள் குளம் வறண்டு கிடந்தது, மழை வேண்டும் என்று ஆலயத்தில் முழங்கால் போட்டுக்கொண்டிருந்தோம். எங்களுக்குத் தேவை என்று ஒன்று வருவதற்கு முன்னாலேயே, யாருக்குப் போகும் என்று தெரியாமலேயே, இந்த அம்மா தன் ஒருவேளைச் சோற்றில் இருந்து எங்களுக்கு எடுத்து வைத்துக்கொண்டிருந்திருக்கிறார். இதை நினைத்தால் இப்போதும் கண் கலங்குகிறது. பஞ்ச காலத்தில் தன் கடைசி மாவில் எலியா தீர்க்கதரிசிக்கு அப்பம் சுட்டுக் கொடுத்த சாறிபாத் விதவையின் பானையைப் பற்றி எத்தனையோ பிரசங்கம் கேட்டிருக்கிறேன், அந்தப் பானையில் இருந்து சாப்பிட்டது இதுதான் முதல் தடவை.

எங்கள் வீட்டிலும் பாட்டி இருந்தவரை பிடியரிசிப் பானை இருந்தது. பாட்டி போன பிறகு காணிக்கைக் கவரில் பணம் வைத்துக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டோம். பணமும் தேவைதான், குறையாகச் சொல்லவில்லை. மிசோரம் சபைகளில் 1910இல் தொடங்கிய பிடியரிசியை இன்றைக்கும் விடாமல் எடுக்கிறார்கள் என்று மிஷனரிக் கூட்டத்தில் சொன்னபோது கைதட்டிவிட்டு வீட்டுக்கு வந்தவள்தான் நான். ஒவ்வொரு நாளும் அடுப்புக்கு முன்னால் நின்று, நான் சாப்பிடுவதற்கு முன் இன்னொருவர் இருக்கிறார் என்று கையால் அள்ளி வைப்பது வேறு. அதை நான் இழந்திருந்தேன் என்பதே எனக்குத் தெரியவில்லை.

நேற்று வாளியைத் திருப்பிக் கொடுக்கப் போனேன். வெறும் வாளியாகக் கொடுக்க மனசில்லாமல், நிவாரணத்தில் வந்த அரிசியில் என் கையால் ஒரு பிடி போட்டுக் கொண்டுபோனேன். ஆச்சி மூடியைத் திறந்து பார்த்தார். "சரி, அடுத்த வருசத்துக்குத் தொடங்கியாச்சு" என்று சொல்லி, ஸ்டூலில் ஏறிப் பரணில் வைத்தார்.

எங்கள் அடுப்படியிலும் இன்று காலை ஒரு டப்பா வைத்திருக்கிறேன். முதல் பிடியைச் சின்னவன் போட்டான். யாருக்கும்மா என்று கேட்டான். தெரியலடா என்றேன்.