துப்பாக்கி உதவாத இடங்கள்

அன்புள்ள நண்பனுக்கு,

உன் கடிதம் கிடைத்தது. கால் கட்டைப் பிரித்துவிட்டார்கள், கைத்தடி இல்லாமல் நாலு அடி எடுத்து வைக்கிறாய் என்று படித்த பிறகுதான் மனசு நிம்மதியானது. படுத்துக் கிடந்த நாளில் 'சூப்பர்நேச்சுரல்' தொடரை முதலிலிருந்து கடைசிவரை பார்த்து முடித்துவிட்டாய் என்பது அதைவிடப் பெரிய சேதி. 15 சீசன், 327 எபிசோடு! டீன், சாம் என்ற அண்ணன் தம்பி இரண்டு பேர் காரில் ஊர் ஊராகப் போய்ப் பேய் பிசாசை வேட்டையாடும் கதை, 2005இல் ஆரம்பித்து 2020இல் முடிந்த தொடர். அது ஓடிய காலத்தில் நான் விட்டுவிட்டு வருஷக்கணக்கில் பார்த்ததை நீ ஒரே மூச்சில் பார்த்திருக்கிறாய். கடைசி எபிசோடு உன்னை இவ்வளவு கோபப்படுத்தியதற்கு அதுவும் ஒரு காரணமாக இருக்கலாம்.

"சாத்தானையும் கடவுளையும் எதிர்த்து நின்றவன், போயும் போயும் ஒரு கொட்டகையில் கம்பி குத்திச் சாவதா?" என்று டீனைப் பற்றிக் கேட்டிருக்கிறாய். நியாயமான கேள்விதான். ஆனால் எனக்கு அந்த முடிவு பிடித்திருக்கிறதுடா. ஏன் என்று சொல்ல வேண்டுமானால், நீ கேட்டபடி எனக்குப் பிடித்த எபிசோடுகளைச் சொல்லிக்கொண்டேதான் அங்கே போய்ச் சேர முடியும்.

உனக்குப் பிடித்ததாக எழுதியிருந்த 'சேஞ்சிங் சேனல்ஸ்', 'தி ஃபிரெஞ்ச் மிஸ்டேக்' இரண்டும் எனக்கும் பிடிக்கும். அண்ணன் தம்பி இருவரையும், அவர்களாக நடிக்கும் ஜென்சன் ஆக்கிள்ஸ், ஜாரெட் படலெக்கி என்ற நடிகர்களாகவே எல்லோரும் நினைத்துக்கொள்ளும் அந்தப் படப்பிடிப்புத் தளத்தை நினைத்தால் இப்போதும் சிரிப்பு வரும். ஆனாலும் நான் திரும்பத் திரும்பப் போவது வேறு வகை எபிசோடுகளுக்கு. இந்தத் தொடரில் எல்லாவற்றுக்கும் ஒரு முறி இருக்கிறது அல்லவா? பேய் என்றால் உப்பைப் போட்டு எலும்பை எரிக்க வேண்டும், ஓநாய் மனிதன் என்றால் வெள்ளித் தோட்டா, ரத்தக் காட்டேரி என்றால் தலையை வெட்ட வேண்டும். கார் டிக்கி நிறைய ஆயுதம். அந்த ஆயுதம் எதுவும் உதவாத இடத்தில் டீனையும் சாமையும் கொண்டு போய் நிறுத்தும்போதுதான் இந்தத் தொடர் தன் முழு உயரத்துக்கு எழுகிறது என்பது என் எண்ணம்.

முதல் சீசனிலேயே அது ஆரம்பித்துவிட்டது. 'ஃபெய்த்', 12ஆவது எபிசோடு. மின்சாரம் தாக்கி டீனுக்கு இதயம் கெட்டுவிடும். மிஞ்சினால் ஒரு மாதம்தான் என்று டாக்டர் கைவிரித்துவிடுவார். சாம் அவனைக் கூடாரத்தில் ஜெபித்துக் குணப்படுத்தும் ஒரு பார்வையற்ற போதகரிடம் கூட்டிப்போவான். கூட்டத்தில் லைலா என்று ஒரு பெண், மூளையில் கட்டி. அவளும் அவள் அம்மாவும் எத்தனையோ நாளாகக் காத்துக் கிடக்க, போதகர் அன்றைக்குத்தான் வந்த டீனைக் கூப்பிடுவார். டீன் பிழைத்துக்கொள்வான். அப்புறம்தான் தெரியும், போதகரின் மனைவி ஓர் எமதூதனைக் கட்டிப்போட்டு, ஓர் உயிருக்கு இன்னோர் உயிர் என்று மாற்றிக்கொண்டிருக்கிறாள். டீனுக்குப் பதிலாக எங்கோ ஓர் இளைஞன் இதயம் நின்று செத்திருக்கிறான்.

இதற்கு அடுத்து வரும் காட்சியைக் கொஞ்சம் யோசித்துப் பார். கடைசியில் லைலாவின் முறை வருகிறது. மேடையில் போய் நிற்கிறாள். போதகர் கை அவள் தலையைத் தொடப் போகிறது. தொட்டால் வெளியே இன்னொருவன் சாவான். டீன் என்ன செய்கிறான்? "தீ!" என்று கத்திக் கூடாரத்தைக் கலைக்கிறான். தனக்குக் கிடைத்த அதே வரத்தை அவளுக்குக் கிடைக்க விடாமல் தடுப்பவன் அவனேதான். அவள் அம்மா அவனைப் பார்க்கும் பார்வைக்கு அவனிடம் பதில் கிடையாது. அவளைக் காப்பாற்ற அந்த எபிசோடு கடைசி நிமிஷத்தில் எந்தக் குறுக்கு வழியையும் கொண்டுவரவில்லை. அவள் விடைபெற வரும்போது, ஜெபமெல்லாம் செய்து பழக்கமில்லாத டீன், உனக்காக வேண்டிக்கொள்கிறேன் என்கிறான், அவ்வளவுதான். நீ இதை 'மெதுவாகப் போகிறது' என்று ஒரு வரியில் தள்ளிவிட்டாய். தயவுசெய்து மறுபடி பார்.

இரண்டாம் சீசன் முதல் எபிசோடு, 'இன் மை டைம் ஆஃப் டையிங்', 2006இல் வந்தது. விபத்துக்குப் பிறகு டீன் நினைவில்லாமல் ஆஸ்பத்திரியில் கிடக்கிறான், ஆவியாக எழுந்து அங்கேயே சுற்றி வருகிறான். எமதூதி டெஸ்ஸா அவனிடம் சண்டைக்கு நிற்க மாட்டாள். நேரம் வந்துவிட்டது, வா என்று ஆறுதலாகத்தான் கூப்பிடுவாள். அவளைச் சுடவும் முடியாது, கட்டவும் முடியாது. அப்பா ஜான் தன் உயிரையும், பிசாசையும் கொல்லக்கூடிய ஒரே துப்பாக்கியையும் விலையாகக் கொடுத்து மகனை மீட்டுவிடுகிறார். ஆனால் அதை யாரிடமும் சொல்லவில்லை. சாமை ஒரு காப்பி வாங்கிவரச் சொல்லி அனுப்பிவிட்டு டீனிடம் ஒன்று சொல்வார். நீ சின்னப் பிள்ளையாக இருந்தபோது நான் வேட்டை முடிந்து நொறுங்கிப்போய் வருவேன், நீ வந்து என் தோளில் கை வைத்து 'பரவாயில்லைப்பா' என்பாய் என்று. அந்தப் பிள்ளை சொல்லியிருக்கக் கூடாத வார்த்தை அது, நான்தான் உனக்குச் சொல்லியிருக்க வேண்டும் என்ற வருத்தம் அவர் முகத்தில் தெரியும். டீனுக்குப் பயம் வந்துவிடும். இந்த மனுஷர் இப்படியெல்லாம் பேசுகிறவர் இல்லையே! சாம் காப்பியோடு திரும்பி வருவான். அப்பா தரையில் கிடப்பார். கோப்பை கையிலிருந்து நழுவி விழும். அந்த 'பரவாயில்லைப்பா'வை மட்டும் நினைவில் வைத்துக்கொள், பின்னால் வேண்டியிருக்கும்.

அதே சீசனில், ஆளை மயக்கிக் கனவுலகத்தில் தள்ளும் ஜின் பூதம் வரும் எபிசோடை நீயும் பாராட்டியிருந்தாய், அதனால் நீட்டவில்லை. அதில் எனக்கு மறக்காத இடம், டீன் அம்மா வீட்டுப் புல்வெளியில் புல் வெட்டுவது. அம்மா உயிரோடு இருக்கும் கனவுலகம் கிடைத்தால் மற்றவர்கள் என்னென்னவோ செய்வார்கள். இவன் சந்தோஷமாகப் புல்வெட்டியைத் தள்ளிக்கொண்டு நடக்கிறான். அந்த உலகத்திலிருந்து வெளியேற அவன் கத்தியைத் தன்மேல்தான் பாய்ச்சிக்கொள்ள வேண்டும் என்பது அதற்கப்புறம் வருவதால்தான் அந்தப் புல்வெளி அவ்வளவு வலிக்கிறது.

இந்த வகை எபிசோடுகள்மேல் எனக்கு ஏன் இத்தனை பிடிப்பு என்று உனக்குத் தெரிந்திருக்கும். என் அப்பா போனபோது நீ வர முடியாத தூரத்தில் இருந்தாய், போனில்தான் பேசினோம். அப்போது சொல்லாத ஒன்றை இப்போது எழுதுகிறேன். இனி குழாய் வைத்தால் நாள் நீளும், வேறு பலன் இல்லை என்று டாக்டர் சொன்னபோது நானும் தம்பியும் தாழ்வாரத்தில் வெகுநேரம் பேசாமல் நின்றோம். எனக்கு வேண்டாம் என்று சொல்ல வாய் வரவில்லை. தம்பிதான் சொன்னான், "போதும்ணே, அப்பாவை விட்டுடலாம்" என்று. சின்னவன் அவன். அவன் சொன்ன பிறகுதான் எனக்கு மூச்சே வந்தது. அப்புறம் எத்தனையோ நாள் கழித்து 'மிஸ்டரி ஸ்பாட்' எபிசோடை மறுபடி பார்த்தபோது, முன்பு வேடிக்கையாகப் பட்டதெல்லாம் வேறு மாதிரி தெரிந்தது.

அந்த எபிசோடு உனக்கு நன்றாக ஞாபகம் இருக்கும். மூன்றாம் சீசன், 11ஆவது. ஒரே செவ்வாய்க்கிழமை திரும்பத் திரும்ப விடிகிறது, ஒவ்வொரு செவ்வாயும் டீன் சாகிறான். மேசை தலையில் விழுகிறது, குளியலறையில் வழுக்குகிறது, சாப்பாடு தொண்டையில் அடைக்கிறது. சிரித்துக்கொண்டே பார்க்கிறோம், ஏனென்றால் ரேடியோ பாட்டோடு மறுபடி விடிந்துவிடும் என்று நமக்குத் தெரியும். அப்புறம் ஒருநாள் புதன்கிழமை விடிகிறது. டீன் மறுபடியும் சாகிறான், இந்தமுறை வண்டி நிறுத்துமிடத்தில் ஒருவன் சுட்டு. பொழுது திரும்பவில்லை. சாம் மாதக்கணக்கில் தனியாக வேட்டையாடுகிறான். அந்தப் பகுதி சில நிமிஷம்தான், வசனமே அதிகம் இல்லை. விடுதி அறையில் படுக்கையை மூலைக்கு மூலை இழுத்து மடித்து வைக்கிறான். டிக்கியில் ஆயுதங்களைப் பிசிறில்லாமல் அடுக்குகிறான். தன் காயத்துக்குத் தானே தையல் போட்டுக்கொள்கிறான். யாரும் அழவில்லை. ஆனால் அந்த ஒழுங்கைப் பார்க்கும்போது அவன் உள்ளுக்குள் என்ன ஆகிவிட்டான் என்று புரிந்துவிடுகிறது. பதினைந்து வருஷத் தொடரில் துக்கத்தை இதைவிடச் சரியாகக் காட்டிய இடம் எனக்குத் தெரிந்து இல்லை.

இந்தச் செவ்வாய்க்கிழமை விளையாட்டை நடத்தும் டிரிக்ஸ்டர் என்ற மாயாவி சாமிடம் சொல்வது கொடுமையாகத் தோன்றும், ஆனால் உண்மை. நீங்கள் ஒருவருக்காக ஒருவர் மாறி மாறி உயிரைக் கொடுத்துக்கொண்டே இருக்கிறீர்கள், அதனால் ரத்தமும் வலியும் தவிர எதுவும் விளையவில்லை, சில பேர் போய்விடுவார்கள், இருப்பவன் அவர்கள் இல்லாமல் வாழ வேண்டியதுதான். சாம் அதைக் காதில் வாங்கவில்லை. டீனும் வாங்கவில்லை. அதற்கப்புறம் பன்னிரண்டு சீசன் அவர்கள் செய்தது அதே பேரம்தான். யாராவது ஒருவன் சாவதும் மற்றவன் உலகத்தையே அடகு வைத்து மீட்பதும். நடுவில் ஆறு, ஏழு சீசன்களில் எனக்கு அலுப்புத் தட்டியது இதனால்தான். சாவுக்கு அங்கே கனமே இல்லாமல் போய்விட்டது.

ஏழாவது சீசனைக் காப்பாற்றியது 'டெத்ஸ் டோர்' ஒன்றுதான். அண்ணன் தம்பிக்கு இன்னோர் அப்பா மாதிரி இருந்த வேட்டைக்காரர் பாபிக்குத் தலையில் குண்டு. தன் நினைவுகளுக்குள்ளேயே ஓடுகிறார். ஜிம் பீவர் என்ற அந்த நடிகருக்கு இதைவிட நல்ல எபிசோடு கிடைக்கவில்லை. ஒரு நினைவில் சின்ன டீன் நிற்கிறான். அப்பா அவனைத் துப்பாக்கிப் பயிற்சிக்குக் கூட்டிப்போகச் சொல்லியிருப்பார். பாபி அதை விட்டுவிட்டுப் பந்து விளையாடக் கூட்டிப்போகிறார். கடைசியாக அவர் கையில் மிஞ்சும் நினைவு எது பார், டீனும் சாமும் சோஃபாவில் உட்கார்ந்து தீனிக்காகச் சண்டை போடுவது. எந்தப் பெரிய வெற்றியும் இல்லை.

இப்போது அந்தக் கடைசி எபிசோடு, 'கேரி ஆன்'. 2020 மார்ச்சில் கொரோனா வந்து படப்பிடிப்பு நின்றபோது கடைசி இரண்டு எபிசோடுகள்தான் பாக்கி. பிறகு கட்டுப்பாடுகளோடு எடுத்து நவம்பர் 19 அன்று முடித்தார்கள். வயதான சாமுக்கு வைத்த விக் சகிக்கவில்லை என்று நீ எழுதியதை நானும் ஒப்புக்கொள்கிறேன். சொர்க்கத்தில் சாம் வந்து சேரும்வரை பாபியைத் தவிர யாரும் எதிரே வரவில்லை என்பதும் குறைதான். அவர்களோடு கூடவே இருந்த தேவதூதன் காஸ்டியலை ஒருமுறையாவது காட்டியிருக்க வேண்டும்.

ஆனால் அந்தக் கொட்டகையைப் பார். கம்பியில் மாட்டிக்கொண்டு நிற்கும் டீன் கேட்பது, என்னைத் திருப்பிக் கொண்டுவராதே என்று. அந்த வீட்டில் யாருக்கும் எளிதில் வராத வார்த்தை அது. அப்புறம், பரவாயில்லை என்று சொல் என்று தம்பியிடம் கேட்கிறான். அப்பாவுக்கு அவன் சின்ன வயதில் சொன்னது, அவனுக்கு யாரும் சொல்லாதது. சாம் சொல்கிறான், நீ போகலாம் என்கிறான். பல வருஷம் கழித்து, சாம் படுக்கையில் கிடக்கும்போது அவன் மகன் அதையே சொல்கிறான், பரவாயில்லைப்பா, நீங்கள் போகலாம் என்று. மிகப் பெரிய எதிரி கொன்றிருந்தால் சாம் மறுபடி பழிவாங்கக் கிளம்பியிருப்பான், பேரம் பேசக் கிளம்பியிருப்பான். வெறும் கம்பி என்பதால்தான் சண்டை போட ஆளில்லை. விட்டுவிடுவது ஒன்றுதான் மிச்சம். 'மிஸ்டரி ஸ்பாட்'டில் அவனால் முடியாததை இங்கே செய்கிறான். அதனால் எனக்கு இது சின்னச் சாவாகத் தெரியவில்லை, இந்த இரண்டு பேருக்கும் இருந்த ஒரே கடினமான வேலை முடிந்ததாகத்தான் தெரிகிறது.

கடிதம் நீண்டுவிட்டது. பதினோராவது சீசனில் காரை விட்டுக் கேமரா வெளியே இறங்காத அந்த 'பேபி'யைப் பற்றி ஒரு பக்கம் எழுத வைத்திருந்தேன், அதை அடுத்த கடிதத்துக்கு வைத்துக்கொள்கிறேன். இங்கே எல்லோரும் சுகம். தம்பி அடுத்த மாதம் வருகிறான், வந்தால் இரண்டு வாரம் இருப்பான். அவன் இந்தத் தொடரை ஐந்தாம் சீசனோடு நிறுத்திவிட்டான். அந்தச் சீசனின் கடைசி எபிசோடான 'ஸ்வான் சாங்'கோடு கதை முடிந்துவிட்டது, அதற்கு மேல் தேவையில்லை என்று பிடிவாதம். உனக்கும் அதே எண்ணம்தான் என்று உன் கடிதத்தைப் படித்தால் தோன்றுகிறது. இரண்டு பேரும் சேர்ந்துகொண்டு என்னை மடக்கப் பார்ப்பீர்கள், தெரியும். அவன் இங்கே இருக்கும்போது ஒரு ஞாயிற்றுக்கிழமை போன் போடு, அதற்குள் 'ஃபெய்த்'தை மறுபடி பார்த்து வை.

காலை ஒரேயடியாக அலட்டாதே. படி ஏறும்போது கைப்பிடியை விடாதே.

என்றும் உன்
பழைய நண்பன்