மெஷின் எழுதுகிறது, நான் படிக்கிறேன்

அன்புள்ள மச்சான்,

கடிதம் கிடைத்தது. முழங்கால் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்ததில் நிம்மதி. பிசியோதெரபியை மட்டும் பாதியில் விட்டுவிடாதே, உன்னைத் தெரிந்துதான் சொல்கிறேன். இங்கே எல்லாரும் சௌக்கியம். ரிட்டையர் ஆன பிறகும் ஒரு பழைய கிளையண்ட் விடவில்லை. வாரத்தில் சில நாள் வேலை இருக்கிறது, வீட்டிலும் அதுவே நல்லது என்கிறார்கள்.

"இந்த ஏஐ வந்த பிறகும் நீ கோட் எழுதுகிறாயா, இல்லை அதுவே எழுதிக்கொள்கிறதா?" என்று கேட்டிருந்தாய். நக்கலாகக் கேட்டாயோ என்னவோ, நான் நேராகவே பதில் சொல்கிறேன். பெரும்பாலும் அதுதான் எழுதுகிறது. 2021-இல் கோபைலட் என்ற ஏஐ கருவி வந்தபோது நாம் தொடங்கிய வரியை முடித்துக் கொடுத்தது, அவ்வளவுதான். இப்போது ஒரு ஃபோல்டரையே காட்டி "இந்தப் பக் (பிழை) எங்கே என்று பார்" என்றால், தானே ஃபைல்களைத் திறந்து, மாற்றி, டெஸ்ட் ஓட்டி, தோற்றால் திரும்பவும் திருத்துகிறது. ரிப்போர்ட் ஸ்கிரீன், லாகின், டேட்டாபேஸில் போட்டு எடுக்கிற வேலை, இதெல்லாம் உலகத்தில் ஆயிரம் பேர் ஆயிரம் தடவை எழுதியதுதானே. இனி அவற்றை நான் கையால் எழுதப்போவதில்லை. வருத்தமும் இல்லை.

இந்தப் பயம் புதியதும் இல்லை. ஐபிஎம்மில் ஜான் பேக்கஸ் குழு 1957-இல் ஃபோர்ட்ரான் என்ற கணினி மொழியையும், அதை மெஷின் மொழிக்கு மாற்றும் கம்பைலரையும் வெளியிட்டபோது அந்த மாதிரி வேலைக்கு 'தானியங்கி புரோகிராமிங்' என்றுதான் பெயர். மெஷின் எழுதும் கோட் மனிதன் எழுதுவதைப் போல வேகமாக ஓடுமா என்று அன்றைக்கும் சந்தேகப்பட்டார்கள். ஆனால் ஒரு வித்தியாசம் உண்டு. கம்பைலர் அதே உள்ளீட்டுக்கு அதே விடையைத் தரும், அதன் உள்ளே எட்டிப்பார்க்கத் தேவையில்லை. ஏஐ அப்படி இல்லை. எழுதிக் கொடுத்ததை யாராவது படித்தே ஆக வேண்டும்.

உன் அண்ணன் அச்சகத்து ஃபைல்களையே எடுத்துக்கொள். பேஜ்மேக்கர் என்ற பக்க வடிவமைப்பு மென்பொருளில், பாமினி என்ற பழைய எழுத்துருவில் அடித்த கதைகளை யூனிகோடுக்கு மாற்றித் தரச் சொன்னாயே, அதற்கான புரோகிராமை ஒரு மத்தியானத்தில் இந்தக் கருவி எழுதிவிட்டது. பாமினியில் எழுத்துகள் கண்ணுக்குத் தெரிகிற வரிசையில் இருக்கும், முதலில் கொம்பு, பிறகு மெய்யின் வடிவம். யூனிகோடில் க முதலில், கொம்பு பின்னால். இந்த இடமாற்றத்தை அது சொல்லாமலே செய்தது. கொம்பும் காலும் சேர்ந்த 'கொ', 'கோ' எல்லாம் ஒழுங்காக வந்தன. அசந்துதான் போனேன்.

சிக்கல் ஔகாரத்தில் வந்தது. பாமினியில் 'கௌ' என்பதன் வலப்பக்கத் துண்டும் ள என்ற எழுத்தும் ஒன்றேதான். அதனால் 'கொம்பு, க, ள' என்று பார்த்த இடமெல்லாம் 'கௌ' ஆக்கியது. 'வெள்ளம்' வந்தால் 'வௌ' போட்டு, மிச்சமிருந்த புள்ளியை அந்தரத்தில் தொங்கவிட்டது. இதை வேடிக்கை என்று விட்டுவிடலாம். ள-வுக்குப் பின்னால் புள்ளியோ இகரக் குறியோ இருந்தால் அது ள-தான் என்று ஒரு விதி சொன்னதும் சரிசெய்துவிட்டது. டெஸ்டுகளையும் தானே எழுதிக்கொண்டது: கௌரவம், மௌனம், பௌர்ணமி, வெளிச்சம், வெள்ளி. எல்லாம் பச்சை, அதாவது பாஸ்.

பிறகு உன் அண்ணன் கதையை உட்கார்ந்து படித்தேன். அதில் ஒருவன் "நான் கௌம்புறேன்" என்கிறான். அவன் அம்மா அவனை "வௌங்காதவனே" என்று திட்டுகிறாள். புரிகிறதா? கதையில் இருப்பது கெளம்புறேன், வெளங்காதவனே. பேச்சு வழக்கில்தான் கொம்புக்குப் பின்னால் ள இப்படித் தனியாக வரும். கருவியிடம் சொன்னேன். உடனே என்னைப் பாராட்டிவிட்டு, "ள-வுக்குப் பின் ம வந்தால் ள என்று வைத்துக்கொள்ளலாம்" என்று ஒரு விதி கொடுத்தது. அதைச் சேர்த்திருந்தால் கௌமாரியம்மன் கெளமாரியம்மன் ஆகியிருப்பாள். எழுத்துகளின் வரிசையை மட்டும் பார்த்து இதைப் பிரிக்க வழி கிடையாது. சொல் தெரிய வேண்டும், அந்தப் பக்கத்துப் பேச்சு காதில் விழுந்திருக்க வேண்டும். டெஸ்டை எழுதியதும் கோடை எழுதியதும் ஒரே ஆள் என்றால் ஒரே குருடுதான் இரண்டிலும் இருக்கும்.

அதனால் என் வேலை இப்போது படிப்பது. நமக்கு அது புதிதா என்ன? 1998, 99-இல் நாம் செய்தது வேறென்ன, யாரோ கோபோல் என்ற பழைய மொழியில் எழுதிவிட்டுப் போன புரோகிராம்களை வரி வரியாகப் படித்ததுதானே. 2000 பிறந்ததும் '00' என்பதை மெஷின் 1900 என்று நினைத்துவிடுமே, அதனால் வருடத்துக்கு இரண்டே இலக்கம் ஒதுக்கிய இடத்தைத் தேடினோம். ஃபீல்டின் பெயரில் தேதி என்பதற்கான தடயமே இருக்காது. 100-ஆல் வகுபடுகிறதே, 2000 லீப் வருடம் இல்லை என்று முடிவுகட்டிய புரோகிராம்களும் இருந்தன. 400-ஆல் வகுபட்டால் லீப் வருடம் என்ற பாதியைப் பலர் விட்டிருந்தார்கள். அப்போது அது தண்டனை மாதிரி இருந்தது. இன்றைக்கு எனக்குச் சோறு போடுவது அந்தப் பழக்கம்தான்.

மெட்ர் (METR) என்ற அமெரிக்க ஆய்வு அமைப்பு 2025-இல் ஒரு சோதனை செய்தது. பல ஆண்டு ஒரே ஓப்பன் சோர்ஸ் புராஜெக்டில் இருக்கும் 16 அனுபவசாலிகள், 246 வேலைகள். ஏஐ இருந்தால் 24 சதவீத நேரம் மிச்சமாகும் என்று முன்பே கணித்தார்கள். முடிந்த பிறகும் 20 சதவீதம் மிச்சம் என்றே நம்பினார்கள். கடிகாரமோ 19 சதவீதம் கூடுதல் நேரம் என்றது. சின்னக் கூட்டம், தங்கள் கோடை அக்குவேறு ஆணிவேறாகத் தெரிந்தவர்கள், கருவிகளும் அதற்குப் பிறகு தேறிவிட்டன. எல்லாருக்கும் இது பொருந்தும் என்று நான் சொல்லமாட்டேன். என்னை உறுத்துவது அந்த 19 இல்லை, நம்பிக்கைக்கும் கடிகாரத்துக்கும் நடுவே இருந்த தூரம்.

இணையத்தில் தரவை அனுப்பவும் எடுக்கவும் உதவும் கர்ல் (curl) என்ற ஓப்பன் சோர்ஸ் கருவியின் கதை இன்னும் சுவாரசியம். 1998 முதல் அதைப் பராமரிக்கும் ஸ்வீடன்காரர் டேனியல் ஸ்டென்பெர்க்குக்கு, ஏஐயிடம் எழுதி வாங்கிய போலிப் பாதுகாப்புப் புகார்கள் குவிந்தன. அனுப்பியவனுக்குச் சில நிமிடம், பொய் என்று நிரூபிக்க இவர்களுக்கு மணிக்கணக்கு. கடைசியில் 2026 ஜனவரியோடு புகாருக்குப் பணம் தருவதையே நிறுத்திவிட்டார். ஆனால் அதே மனிதர் 2025-இல், ஒருவர் ஏஐ கருவிகளை வைத்துத் தேடி அனுப்பிய பட்டியலில் நிஜமான பக்குகள் நிறைய இருந்ததைப் பாராட்டியும் எழுதினார். இங்கே அனுப்புவதற்கு முன்னால் ஒரு மனிதர் படித்திருந்தார், அங்கே யாரும் படிக்கவில்லை.

டென்மார்க்கின் பீட்டர் நவுர், கணினி மொழிகளின் இலக்கணத்தை எழுதும் பி.என்.எஃப் (பேக்கஸ்-நவுர் வடிவம்) என்ற முறையில் வரும் அந்த என், 1985-இல் ஒன்று சொன்னார்: புரோகிராம் என்பது அடிப்படையில் அதைச் செய்தவர்களின் தலையில் இருக்கும் புரிதல், அந்தக் குழு கலைந்தால் கோட் இருந்தும் புரோகிராம் செத்துப்போகிறது. அன்று மிகை என்று நினைத்தேன். இன்று யார் தலையிலும் ஒருநாள்கூட இருந்திராத கோட் புரொடக்ஷனுக்கு, அதாவது நிஜப் பயன்பாட்டுக்குப் போகிறது. ஏஐ எழுதியதைப் படிக்காமலே ஏற்றுக்கொள்வதற்கு 'வைப் கோடிங்' என்று 2025 பிப்ரவரியில் பெயர் வைத்த ஏஐ ஆய்வாளர் ஆண்ட்ரே கார்பதிகூட அதை வார இறுதி விளையாட்டுப் புராஜெக்டுகளுக்குத்தான் சொன்னார். அந்தப் பாதியை மேனேஜர்கள் வசதியாக மறந்துவிட்டார்கள்.

உன் பையனைப் பற்றிக் கேட்டாயே, கடைசி வருடம், ஏஐ வந்துவிட்டதால் வேலை கிடைக்குமா என்று. ஜோசியம் சொல்லத் தெரியாது. என் கவலை வேறு. நமக்குப் படிக்கத் தெரிந்ததே தப்பும் தவறுமாக எழுதி, சீனியரிடம் திட்டு வாங்கி, ராத்திரி முழுக்கத் தேடியதால்தான். அந்த எழுதுகிற கட்டத்தையே ஜூனியர்களிடமிருந்து எடுத்துவிட்டால் படிக்கிற கண் எங்கிருந்து வரும்? இதற்கு என்னிடம் விடை இல்லை, கம்பெனிகளிடம் கேள்வியே இல்லை. செமஸ்டர் லீவில் அவனை இங்கே அனுப்பு. கருவியை மூடிவைக்கச் சொல்லமாட்டேன். அது எழுதிய ஒவ்வொரு வரியும் ஏன் அங்கே இருக்கிறது என்று எனக்கு விளக்கச் சொல்வேன். விளக்க முடியாததை அழித்துவிட்டு அவனே எழுதட்டும்.

அப்புறம், உன் அண்ணனிடம் ஒரு வேலை இருக்கிறது. கெளம்பு, வெளக்கு, மெளகு மாதிரி அவர் கதைகளில் வரும் பேச்சுச் சொற்களை ஒரு தாளில் எழுதி போட்டோ எடுத்து அனுப்பச் சொல். அந்தப் பட்டியலைச் சேர்த்த பிறகே மிச்ச ஃபைல்களை மாற்றுவேன். அவருக்கு அவசரம் என்றால் பத்துக் கதைகளை இப்போதே அனுப்புகிறேன், பென்சிலோடு உட்காரட்டும்.

அன்புடன்,
உன் மச்சான்