இந்திப் பட இயக்குநர்களே, ஒரு எஃப்.ஐ.ஆர். காட்சி வையுங்கள்

மும்பை போலீஸ் ஊழலை வைத்துப் பழிவாங்கும் படமெடுக்கும் இந்தி இயக்குநர்களுக்கும் தயாரிப்பாளர்களுக்கும்,

வணக்கம். 2018 ஆகஸ்ட் 15 அன்று வெளியான ‘சத்யமேவ ஜயதே’வை அந்த வாரமே பார்த்தேன். லஞ்சம் வாங்கும் போலீஸ்காரர்களை ஜான் ஆபிரகாம் ஒவ்வொருவராக உயிரோடு எரிக்கிறார். நடுவில் கார் டயரை வெறுங்கையால் கிழிக்கிறார். விசில் காதைப் பிளந்தது. நானும் அடித்தேன், மறைப்பானேன்? (கொலையாளியைத் தேடும் டி.சி.பி. மனோஜ் பாஜ்பாய். அந்த மனிதரைக் கையில் வைத்துக்கொண்டு இவ்வளவுதானா?)

அடுத்த மாதம் பைக்கில் வந்த ஒருவன் என் போனைப் பிடுங்கிக்கொண்டு போய்விட்டான். காவல் நிலையம் போனேன், எது என்பது வேண்டாம். மேசையிலிருந்த ஹவல்தார் தங்கமான மனிதர். உட்காரச் சொன்னார், கட்டிங் சாய் வரவழைத்தார். முழுக்கக் கேட்டுவிட்டு மராத்தியில் ‘ஹரவலா’ என்று எழுதினார். தொலைந்துவிட்டதாம்.

“பிடுங்கிட்டுப் போனான், சாஹேப்.”

“திருட்டுன்னு எழுதினா கோர்ட்டு, அலைச்சல். உங்களுக்கு சிம் கார்டுதானே வேணும்?”

முத்திரை குத்தித் தந்தார். ஒரு பைசா கேட்கவில்லை. கையெழுத்துப் போட்டேன். அந்த வட்டாரத்தில் அன்றைக்கு ஒரு குற்றம் குறைந்தது. சுவரில் மகாராஷ்டிரக் காவல்துறையின் வாசகம்: ‘ஸத்ரக்ஷணாய கலநிக்ரஹணாய’. நல்லவரைக் காக்க, தீயவரை அடக்க.

இந்த ஹவல்தாரை உங்கள் கதாநாயகன் என்ன செய்வார்? எரிப்பாரா?

உங்கள் படத்துக் கெட்ட போலீஸ் அத்தனை பெரிய அரக்கன், எங்கள் பேட்டை ஸ்டேஷனில் யார் சாயலிலும் இருக்க மாட்டான். அதனால்தான் நிம்மதியாகக் கைதட்டுகிறோம். பாஸ்போர்ட் விசாரணைக்கு வந்தவர் கையில் நாங்களே திணித்த ‘சாய்-பானி’ லஞ்சம் அப்போது ஞாபகத்துக்கு வருவதில்லை.

கதை பஞ்சமென்றால் லலிதா குமாரி வழக்கைப் படியுங்கள். உத்தரப் பிரதேசத்தில் மகள் கடத்தப்பட்டாள் என்று ஒரு தகப்பன் புகார் கொடுக்கிறார். எஸ்.பி.யைப் போய்ப் பார்த்த பிறகுதான் எஃப்.ஐ.ஆரே விழுகிறது. அதன் பிறகும் ஒன்றும் அசையவில்லை. மனு உச்ச நீதிமன்றம் போனது. 2013 நவம்பரில் ஐந்து நீதிபதிகள் தீர்ப்பளித்தார்கள்: பிடியாணை இல்லாமலே கைது செய்யக்கூடிய குற்றம் என்று புகாரிலேயே தெரிந்தால், எஃப்.ஐ.ஆர். போட்டே ஆக வேண்டும். போடாத அதிகாரி மீது நடவடிக்கை. வழிப்பறியும் அதில் அடக்கம். நகலை இலவசமாகத் தர வேண்டும் என்பது ஏற்கெனவே சட்டம். எனக்கு இதெல்லாம் கையெழுத்துப் போட்ட பிறகுதான் தெரியும்.

2006-இல் பிரகாஷ் சிங் என்ற ஓய்வுபெற்ற டி.ஜி.பி.யே வழக்கு நடத்தி, போலீஸ் மீதான புகார்களை விசாரிக்க மாநிலத்திலும் மாவட்டத்திலும் தனி ஆணையம் வேண்டும் என்று உத்தரவு வாங்கினார். காக்கிக்குள்ளிருந்தே ஒரு கதாநாயகன்! டயர் மட்டும் கிழிக்கவில்லை.

அடுத்த படத்தில் எனக்காக இரண்டு நிமிடம் ஒதுக்குங்கள். ஒரு பெண் ஸ்டேஷன் பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறாள். ‘ஹரவலா’வை அடித்துவிட்டு ‘சோரி’, அதாவது திருட்டு, என்று எழுதாமல் எழுந்திருக்க மாட்டாள். கொண்டுவந்து வைத்த சாய் ஆடை கட்டிவிட்டது. எழுத்தர் பேனா மூடியைத் திறக்கிறார்.

விசிலுக்கு நான் பொறுப்பு.

இப்படிக்கு,
மாட்டுங்காவிலிருந்து,
முதல் வாரமே டிக்கெட் வாங்கும் ஒருவன்